பார்க்காமலே கையாள வேண்டிய ஆறு இலக்கங்கள்: அட்டைப் பின் எண் மென்பொருள் எழுதத் தொடங்குவோருக்கு

சென்னையிலோ கோவையிலோ சில ஆண்டுகள் வங்கி மென்பொருள் எழுதிவிட்டுச் சிங்கப்பூர் வந்து, சாங்கி பிசினஸ் பார்க்கிலோ ராஃபிள்ஸ் பிளேசிலோ ஒரு குழுவில் சேரும் நிரலாளர்கள் பலர் முதலில் இடறுவது அட்டையின் ரகசிய எண்ணாகிய பின் எண்ணின் நீளத்தில்தான். ஊரில் ஏடிஎம் அட்டைக்கு நான்கு இலக்கம் என்றால், இங்குள்ள வங்கி அட்டைகளுக்கு ஆறு இலக்கம். இரண்டுமே முறையானவை, பின் எண்ணுக்கான பன்னாட்டுத் தரமாகிய ஐஎஸ்ஓ 9564, நான்கு முதல் பன்னிரண்டு இலக்கம் வரை அனுமதிக்கிறது. ஆகவே நீளம் என்பது நிரலுக்குள் பதித்து வைக்க வேண்டிய மாறிலி அன்று. ஒவ்வொரு அட்டை வகைக்கும் அமைப்பிலிருந்து படித்தெடுக்க வேண்டிய மதிப்பு.

இந்த வேலையின் விநோதம் வேறொன்று. மற்ற மென்பொருளில் நாம் கையாளும் தரவை நாம் பார்க்கலாம், அச்சிட்டுச் சரிபார்க்கலாம். பின் எண்ணைப் பொறுத்தவரை, அதை உருவாக்கவும் அனுப்பவும் சரிபார்க்கவும் நிரல் எழுதுகிறோம். ஆனால் அந்த நிரல் எந்தக் கட்டத்திலும் அந்த எண்ணைத் திறந்த நிலையில் பார்க்கக் கூடாது. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து பிறப்பவை.

தொடங்குமுன்

திறந்த பின் எண் இருக்கத் தகுந்த இடங்கள் இரண்டே: வாடிக்கையாளர் எண்ணை அழுத்தும் பாதுகாக்கப்பட்ட விசைப்பலகை, வங்கியின் கணினி மையத்தில் உள்ள எச்எஸ்எம் எனப்படும் வன்பொருள் பாதுகாப்புக் கருவி. எச்எஸ்எம் என்பது மறையாக்கத்துக்கான ரகசிய மதிப்புகளாகிய சாவிகளைத் தனக்குள் வைத்துக்கொண்டு, நாம் அனுப்பும் கட்டளைக்கு மறையாக்கப்பட்ட விடையை மட்டும் திருப்பித் தரும் பெட்டி. அதை உடைத்துத் திறக்க முயன்றால் உள்ளிருக்கும் சாவிகளைத் தானே அழித்துவிடும். நம் மென்பொருள் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் நிற்கும் தூதர். முத்திரையிட்ட உறையை வாங்கி முத்திரையிட்டபடியே கொடுப்பது தூதரின் வேலை.

அப்படியானால் மடிக்கணினியில் கற்றுக்கொள்வது எப்படி? சோதனை அட்டை எண், சோதனைச் சாவி, சோதனைப் பின் எண் ஆகியவற்றை வைத்துக்கொண்டு எல்லாப் படிகளையும் சாதாரண நிரலாகவே எழுதிப் பார்க்கலாம். எழுதிப் பார்க்கவும் வேண்டும், ஏனெனில் எச்எஸ்எம் உள்ளே என்ன செய்கிறது என்று அறியாதவரால் அதன் பிழைக்குறியைப் புரிந்துகொள்ள முடியாது. உண்மை அட்டை ஒன்றின் எண்ணை, உங்கள் சொந்த அட்டையாக இருந்தாலும், இந்தப் பயிற்சிக்குள் கொண்டுவராதீர்கள். இந்தக் கட்டுரையில் அட்டை எண்ணாக 4111 1111 1111 1111 என்ற பலரும் அறிந்த சோதனை எண்ணையும், பின் எண்ணாக 502917ஐயும் எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எண்ணைத் தற்போக்காக உருவாக்குதல்

ஆறு இலக்க எண் வேண்டும் என்றதும் கை தானாகவே மொழியின் சாதாரண ரேண்டம் செயற்கூறை நோக்கிப் போகும். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பைத்தானின் ரேண்டம் தொகுதி மெர்சென் ட்விஸ்டர் என்ற முறையில் இயங்குவது. அதன் 32 பிட் வெளியீடுகளில் தொடர்ச்சியாக 624ஐப் பார்த்துவிட்ட ஒருவரால் அடுத்து வரப்போவதை எல்லாம் கணித்துவிட முடியும். விளையாட்டுக்கு அது போதும், பணத்துக்குப் போதாது. பயிற்சி நிரலில் பைத்தானாக இருந்தால் சீக்ரெட்ஸ் தொகுதியையும், ஜாவாவாக இருந்தால் செக்யூர்ரேண்டம் வகுப்பையும் பயன்படுத்துங்கள். உண்மை அமைப்பில் இந்த வேலையை எச்எஸ்எம்மிடமே விட்டுவிட வேண்டும். அது தன் வன்பொருள் மூலத்திலிருந்து எண்ணை உருவாக்கி, மறையாக்கிய வடிவில்தான் நமக்குத் தரும்.

நல்ல மூலத்திலிருந்து எடுத்தாலும் அதை எண்ணாக மாற்றும் இடத்தில் சாய்வு புகுந்துவிடும். 20 பிட் எடுத்தால் 0 முதல் 1048575 வரை கிடைக்கும். அதைப் பத்து லட்சத்தால் வகுத்து மீதியை எடுத்தால், 000000 முதல் 048575 வரையுள்ள எண்கள் மற்றவற்றைவிட இரு மடங்கு அடிக்கடி வரும். ஒரு பைட்டிலிருந்து ஓர் இலக்கம் எடுப்பவருக்கும் இதே கதைதான்: 256ஐப் பத்தால் வகுத்தால் ஆறு மிஞ்சுவதால், 0 முதல் 5 வரையுள்ள இலக்கங்களுக்கு 26 வாய்ப்பு, மற்றவற்றுக்கு 25. சரியான வழி, எல்லைக்கு மேல் வந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி எடுப்பது. 20 பிட் முறையில் நூற்றில் ஐந்து முறைக்கும் குறைவாகவே அப்படி எறிய நேரும். மேலே சொன்ன சீக்ரெட்ஸ் தொகுதியின் எல்லைக்குட்பட்ட செயற்கூறு இதைத் தானே செய்துகொள்கிறது. நீங்களே எழுதும்போதுதான் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்து, முன்னிற்கும் பூச்சியம். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் சோதனைக் கருவி ஒன்று பின் எண்ணை முழு எண்ணாகச் சேமித்தது. 048213 என்பது 48213 ஆயிற்று. ஐந்து இலக்கம் என்று எச்எஸ்எம் மறுத்தது. எங்கள் சோதனை எண்கள் எல்லாம் ஒன்றில் தொடங்கியதால் பல வாரங்களுக்கு யாரும் கவனிக்கவில்லை. சமவாய்ப்பில் உருவாகும் பின் எண்களில் பத்தில் ஒன்று பூச்சியத்தில் தொடங்கும் என்பதை எண்ணினால், அந்த நிரல் வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று புரியும். பின் எண் என்பது எண்ணே அன்று. அது இலக்கங்களின் வரிசை. கூட்டிக் கழிக்கும் வகையில் அதைச் சேமிக்காதீர்கள்.

123456, 000000 போன்றவற்றைத் தடுக்கலாமா என்று எல்லாருமே கேட்பார்கள். வாடிக்கையாளர் தாமே தேர்ந்தெடுக்கும் எண்ணில் தடுப்பது நல்லது. ஆறு இலக்கம் என்பது மனிதரைத் தம் பிறந்த நாளை நோக்கி இழுக்கிறது. நாள், மாதம், ஆண்டு என இரண்டிரண்டாக எழுதினால் பொருந்திப்போகிறது. சிங்கப்பூரில் 1995 முதல் அஞ்சல் குறியீடும் ஆறு இலக்கம்தான் என்பதால் வீட்டுக் குறியீட்டை வைப்பவர்களும் உண்டு, தேசிய தினமென்று 090865 வைப்பவர்களும் உண்டு. ஆனால் கருவி தற்போக்காக உருவாக்கும் எண்ணில் தேதி போலத் தோன்றுபவற்றை எல்லாம் நீக்குவதை நான் ஏற்பதில்லை. தேதியாக அமையக்கூடிய ஆறு இலக்க வரிசைகள் ஏறத்தாழ 36,500 இருக்கின்றன; தற்செயலாக அமைந்த ஒரு தேதி அந்த வாடிக்கையாளரின் பிறந்த நாளாக இருக்க வாய்ப்பு மிகவும் அரிது. நீக்க நீக்க, ஊகிக்க வேண்டிய எண்களின் வட்டத்தை நாமே சுருக்குகிறோம்.

படி 2: சேமிக்காமல் சரிபார்க்கும் வழி

பின் எண்ணை நேராகத் தரவுத்தளத்தில் வைக்கக் கூடாது என்றதும், கடவுச்சொல்லைப் போல ஹேஷ் செய்து, அதாவது திருப்பி எடுக்க முடியாத வடிவுக்கு மாற்றி, வைக்கலாமே என்று புதியவர்கள் சொல்வார்கள். ஆறு இலக்கத்தில் மொத்தமே பத்து லட்சம் சேர்க்கைகள்தான். எஸ்எச்ஏ 256 கொண்டு அவ்வளவையும் ஹேஷ் செய்து பார்க்க இன்றைய மடிக்கணினிக்குச் சில நொடி கூட வேண்டாம். சிறிய எண்ணிக்கைக்குள் ஒளிந்திருக்கும் ரகசியத்தைச் சாவி இல்லாத எந்த முறையும் காக்காது. அதனால்தான் வங்கித் துறை தொடக்கத்திலிருந்தே சாவி சார்ந்த முறைகளைக் கையாள்கிறது. அவற்றில் இரண்டை அறிந்தால் போதும்.

முதலாவது ஐபிஎம் 3624 முறை. அட்டை எண்ணிலிருந்து 16 இலக்கச் சரிபார்ப்புத் தரவை அமைத்து, அதைப் பின் சரிபார்ப்புச் சாவியால் மறையாக்குகிறோம். கிடைப்பது பதினாறு நிலை எண் என்பதால் அதில் ஏ முதல் எஃப் வரையுள்ள எழுத்துகளும் கலந்திருக்கும். 0123456789012345 என்ற மாற்று அட்டவணையைக் கொண்டு ஏ என்பதை 0 ஆகவும் பி என்பதை 1 ஆகவும், இப்படியே எஃப் என்பதை 5 ஆகவும் மாற்றி, முதல் ஆறு இலக்கங்களை எடுத்தால் அது அந்த அட்டையின் இயற்கைப் பின் எண். வாடிக்கையாளர் வேறு எண் விரும்பினால், இலக்கத்துக்கு இலக்கம், கடன் வாங்காமல், பத்தின் வட்டத்தில் கழித்து வரும் வேறுபாட்டை மட்டும் சேமிக்கிறோம். இயற்கைப் பின் எண் 381604 என்றும் அவர் விரும்பியது 502917 என்றும் கொண்டால், ஐந்தில் மூன்று போக இரண்டு, பூச்சியத்தில் எட்டுப் போகப் பத்தைச் சேர்த்து இரண்டு, எனத் தொடர்ந்து 221313 வரும். அந்த வேறுபாட்டைத் தரவுத்தளத்தில் வைக்கலாம். சாவி இல்லாதவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

அட்டவணையை மறுபடி பாருங்கள். 0 முதல் 5 வரையுள்ள இலக்கங்களுக்குப் பதினாறில் இரண்டு இடம், 6 முதல் 9 வரையுள்ளவற்றுக்கு ஓரிடம். ஆகவே இயற்கைப் பின் எண்ணை அப்படியே வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் அதில் படி 1இல் கண்ட சாய்வு இருக்கும். அதைவிடப் பெரிய படிப்பினை 2003இல் வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மைக் பாண்ட், பியோத்தர் ஜெலின்ஸ்கி ஆகிய இருவரும், இந்த அட்டவணையை எச்எஸ்எம் கட்டளையோடு அழைப்பவரே அனுப்பும் அமைப்புகளில் உள்ளாள் ஒருவர் என்ன செய்ய முடியும் என்று காட்டினார்கள். 7க்குரிய இடத்தில் மட்டும் 1, மற்ற எல்லா இடத்திலும் 0 என்று ஓர் அட்டவணையை அனுப்பி, 0000 சரியா என்று கேட்டால், இல்லை என்ற விடையிலிருந்தே பின் எண்ணில் 7 இருக்கிறது என்று தெரிந்துவிடும். இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் நான்கு இலக்கப் பின் எண்ணைச் சராசரியாக 15 கேள்விகளில் கண்டுபிடிக்கலாம் என்றார்கள்; மறையாக்கத்தை யாரும் உடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எனவே உங்கள் நிரலில் மாற்று அட்டவணை வெளியிலிருந்து வரும் மதிப்பாக இருந்தால், அதை எச்எஸ்எம்முக்குள்ளேயே பூட்டி வைக்க முடியுமா என்று அதை நிர்வகிப்பவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது விசாவின் பிவிவி, அதாவது பின் சரிபார்ப்பு மதிப்பு, முறை. கடைசியில் நிற்கும் சரிபார்ப்பு இலக்கத்தை விட்டுவிட்டு அட்டை எண்ணின் கடைசிப் பதினொரு இலக்கம், சாவியைக் குறிக்கும் ஓர் இலக்கம், பின் எண்ணின் முதல் நான்கு இலக்கம் என மொத்தம் 16ஐ வரிசையாக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் சாவிக் குறி 1 எனில் அது 1111111111115029 ஆகும். இதை மறையாக்கி, விடையில் இடமிருந்து வலமாக வரும் முதல் நான்கு பதின்ம இலக்கங்களை எடுத்தால் பிவிவி. நான்கு கிடைக்காவிட்டால் இரண்டாம் முறை வந்து, எழுத்துகளிலிருந்து பத்தைக் கழித்து நிரப்ப வேண்டும். இங்கே சிங்கப்பூரில் வேலை செய்பவர் ஒரு கணம் நிற்க வேண்டும்: ஆறில் நான்கு இலக்கமே கணக்கில் சேர்கிறது. பிவிவியை மட்டும் நம்பிச் சரிபார்க்கும் அமைப்பு, 502917க்குப் பதில் 502900 அழுத்தினாலும் சரி என்றுதான் சொல்லும். ஆறு இலக்கத்தின் வலு வேண்டுமென்றால் ஆறையும் கணக்கில் எடுக்கும் முறை வேண்டும். இதைச் சோதனைப் பட்டியலில் தனி வரியாகவே சேர்த்துவிடுங்கள்.

படி 3: பின் தொகுதி அமைத்து மறையாக்குதல்

தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு, சிங்கப்பூரின் அட்டைக் கட்டண வலையமைப்பான நெட்ஸின் கருவியில் ஆறு இலக்கத்தை அழுத்துகிறோம். அந்த எண் அப்படியே மறையாக்கப்பட்டு அனுப்பப்படுவதில்லை. அப்படிச் செய்தால் ஒரே சாவியின் கீழ் ஒரே பின் எண் எப்போதும் ஒரே மறைவடிவைத் தரும். தன் கணக்கின் மறைவடிவை அறிந்த ஒருவர், அதே மறைவடிவு உள்ள பிறர் அனைவரின் எண்ணையும் அறிந்துவிடுவார். இதைத் தடுக்கவே பின் எண்ணை அட்டை எண்ணோடு பிணைத்துப் பின் தொகுதி அமைக்கிறோம்.

ஐஎஸ்ஓ 9564இன் வடிவம் 0ஐக் கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். முதல் இடத்தில் வடிவக் குறியாக 0, அடுத்து நீளமாக 6, பிறகு 502917, எஞ்சிய எட்டு இடங்களிலும் எஃப். இன்னொரு வரியில் நான்கு பூச்சியம் போட்டு, அட்டை எண்ணின் சரிபார்ப்பு இலக்கத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய பன்னிரண்டு இலக்கங்களை எழுத வேண்டும். நம் சோதனை அட்டையில் அவை பன்னிரண்டு ஒன்றுகள். இரண்டு வரியையும் எக்ஸ்ஓஆர் செய்தால், அதாவது பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு வேறுபடும் இடத்தில் 1, ஒத்த இடத்தில் 0 என எழுதினால், 06503806 என்றும் அதன் பின் எட்டு முறை ஈ என்ற எழுத்தும் வரும். அந்த 16 குறிகளை, அதாவது எட்டு பைட்டை, டிரிப்பிள் டெஸ் என்ற மறையாக்க முறை கொண்டு மறையாக்கினால் வேலை முடிந்தது. புதியவர்கள் இதில் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே: சரிபார்ப்பு இலக்கத்தையும் சேர்த்து எடுத்துவிடுவது. அந்தத் தவறை நம் சோதனை அட்டை காட்டிக் கொடுக்காது, ஏனெனில் அதில் எங்கே வெட்டினாலும் ஒன்றுதான். அடுத்தடுத்த இலக்கங்கள் வேறு வேறாக உள்ள இன்னொரு சோதனை எண்ணையும் அதனால்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பின் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பூச்சியத்தோடு மட்டுமே எக்ஸ்ஓஆர் ஆகின்றன என்பதையும் பார்த்திருப்பீர்கள். எக்ஸ்ஓஆர் இங்கே மறைப்பதற்காக இல்லை, பிணைப்பதற்காக மட்டுமே. மறைப்பது சாவி.

புதிதாக ஒன்றைக் கட்டுபவர்கள் வடிவம் 4ஐ எடுத்துக்கொள்வது நல்லது. 56 பிட் சாவி கொண்ட பழைய டெஸ்ஸை 1998இல் ஒரு தனிக்கருவி மூன்று நாளுக்குள் உடைத்துக் காட்டியது. அதை மூன்று முறை அடுக்கிய டிரிப்பிள் டெஸ்ஸைப் புதிய மறையாக்கத்துக்கு 2023க்குப் பிறகு பயன்படுத்தலாகாது என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் அறிவித்துவிட்டது. அட்டைத் துறை தன் சொந்த வேகத்தில் நகர்வதால் வடிவம் 0, வடிவம் 4 இரண்டையும் இன்னும் சில காலம் பார்ப்பீர்கள். வடிவம் 4, டெஸ்ஸுக்குப் பின் வந்த ஏஇஎஸ் மறையாக்க முறைக்கானது; தொகுதி 16 பைட். முதல் பாதியில் குறியாக 4, நீளமாக 6, 502917, பிறகு எட்டு முறை ஏ. இரண்டாம் பாதி முழுதும் தற்போக்கான 64 பிட். இதை ஒரு முறை மறையாக்கி, அட்டை எண்ணைக் கொண்ட 16 பைட் வரியோடு எக்ஸ்ஓஆர் செய்து, அதே சாவியால் மறுபடி மறையாக்க வேண்டும். அந்த 64 பிட்டினால், ஒரே அட்டைக்கு ஒரே பின் எண்ணைப் பத்து முறை அனுப்பினாலும் பத்து வேறு மறைவடிவுகள் வரும். வடிவம் 0இல் அந்த வசதி கிடையாது.

படி 4: சாவிகள்

கடையில் அழுத்திய எண், கருவியிலிருந்து நெட்ஸ் வலையமைப்புக்கும் அங்கிருந்து அட்டை வழங்கிய வங்கிக்கும் போகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிச் சாவி உண்டு. நடுவில் உள்ள எச்எஸ்எம் தொகுதியை ஒரு சாவியிலிருந்து பிரித்து அடுத்த சாவியில் மூடுகிறது. இது அதன் உள்ளேயே நிகழ்வதால் நம் நிரலுக்கு மறைவடிவு ஒன்று போய் இன்னொன்று வருவது மட்டுமே தெரியும். பின் எண்ணைக் கடத்தும் சாவியைப் பின் சரிபார்ப்புக்கோ வேறு தரவுக்கோ பயன்படுத்தக் கூடாது. இன்று இந்தக் கட்டுப்பாட்டைச் சாவித் தொகுதி வடிவங்கள் சாவியோடு சேர்த்தே பூட்டிவிடுகின்றன. பழைய அமைப்புகளில் அது மனிதரின் ஒழுக்கத்தைச் சார்ந்திருந்தது.

சாவியைக் கருவியில் ஏற்றும் சடங்கை ஒரு முறையாவது நேரில் பாருங்கள். சாவி இரண்டு அல்லது மூன்று கூறுகளாகத் தனித்தனி நபர்களிடம் இருக்கும். ஒருவர் உள்ளிடும்போது மற்றவர் திரும்பி நிற்பார். எல்லாக் கூறுகளையும் எக்ஸ்ஓஆர் செய்தால்தான் சாவி பிறக்கும் என்பதால், ஒருவரிடம் உள்ள கூறைக் கொண்டு எதையும் ஊகிக்க இயலாது. முடிவில் திரையில் தெரியும் சரிபார்ப்பு மதிப்பு, டெஸ் வகைச் சாவியாக இருந்தால், பூச்சியங்களை அந்தச் சாவியால் மறையாக்கியதன் முதல் ஆறு குறிகள். மறுமுனையில் உள்ளவரும் அதையே படித்தால் சாவி ஒன்றுதான் என்று தெளியலாம். சிங்கப்பூர் நாணய ஆணையம் 2021 ஜனவரியில் வெளியிட்ட தொழில்நுட்ப இடர் நிர்வாக வழிகாட்டி நெறிகளில் மறையாக்கத்துக்கும் சாவி நிர்வாகத்துக்கும் தனிப் பகுதி இருக்கிறது. வங்கிக்காக எழுதுபவர் அதைப் படித்திருப்பார் என்றே தணிக்கையாளர் எதிர்பார்ப்பார்.

படி 5: வாடிக்கையாளரிடம் சேர்த்தல்

அஞ்சலில் வரும் பின் உறை பலருக்கும் நினைவிருக்கும். எச்எஸ்எம்மோடு நேராக இணைந்த அச்சுப்பொறி, உறையின் உட்புறத்தில் பதியுமாறு அச்சிடும். இடையில் இருந்த கணினிக்கு அச்சிட்டதைப் பார்க்க வழியில்லை. அட்டையும் உறையும் வேறு வேறு நாளில் வரும். இப்போது பெரும்பாலும் வாடிக்கையாளரே ஏடிஎம்மிலோ செயலியிலோ எண்ணை அமைத்துக்கொள்கிறார். மாற்றும்போது நிகழ்வதும் படி 2தான்: புது எண் மூடிய தொகுதியாக வருகிறது, எச்எஸ்எம் புது வேறுபாட்டைத் தருகிறது, நாம் தரவுத்தளத்தில் ஒரு புலத்தை மாற்றுகிறோம். மூன்று முறை தவறினால் அட்டையை முடக்கும் எண்ணியையும் மறக்காதீர்கள். ஆறு இலக்கத்தில் மூன்று ஊகம் என்பது பத்து லட்சத்தில் மூன்று, எண்ணி இல்லாவிட்டால் அந்தக் கணக்குக்கே பொருளில்லை.

படி 6: கசிவைத் தேடுதல்

எல்லாம் சரியாக இயங்கியபின் ஒரு மாலை நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். பிழைப் பதிவுகள், செய்தி வரிசைகள், நினைவக நகல்கள், கண்காணிப்புக் கருவிகள் ஆகியவை எல்லாம் தாம் கண்டதை எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவை. பயிற்சி நிரலில் திறந்த எண்ணை வைத்திருந்த நினைவகத்தை வேலை முடிந்ததும் பூச்சியத்தால் நிரப்புங்கள்; ஜாவாவின் ஸ்ட்ரிங்கை அப்படி அழிக்க முடியாது என்பதால் பைட் வரிசையையே பயன்படுத்துங்கள். பிறகு சோதனைச் சூழலில் 502917ஐ ஏடிஎம் முதல் கடைசிச் சரிபார்ப்பு வரை ஒரு முறை ஓட்டிவிட்டு, எல்லாப் பதிவுகளிலும் அந்த ஆறு இலக்கத்தைத் தேடுங்கள். கிடைக்காது, பெரும்பாலும். அத்தோடு நிறுத்திவிடாமல் 06503806ஐயும் தேடிப் பாருங்கள். மறையாக்கும் முன்பான பின் தொகுதியின் முதல் பாதி அது. அட்டை எண் தெரிந்தவருக்கு அதிலிருந்து பின் எண்ணை எடுக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். அது ஏதாவதொரு பதிவில் தென்பட்டால், அந்த வரியை எழுதிய நிரலுக்குப் போய், படி 3ஐ எச்எஸ்எம்முக்கு வெளியே யார், எதற்காகச் செய்தார்கள் என்று கேளுங்கள்.